1,600 பேர் வாழும் ஊருக்கு ஆறு தேசியக் கோப்பைகள்: ராணுவ முகாம்தான் காரணமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: வட அயர்லாந்தில், எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 1,600 பேர் மட்டுமே வாழும் கிராஸ்மாக்லென் என்ற சிற்றூரின் கேலிக் கால்பந்து கிளப், தேசிய அளவிலான கிளப் கோப்பையை ஆறு முறை வென்றிருக்கிறது. அந்த ஊரின் மைதானத்தை ஒட்டி பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்தது என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். அந்த ஒடுக்குமுறைதான் அவர்களை வெல்லவைத்ததா என்று கேட்கிறீர்கள். கிளப் இன்றும் அதே பலத்துடன் இருக்கிறதா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. நான் அயர்லாந்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். பல ஆண்டுகளாகக் கேலிக் கால்பந்து கிளப்புகளின் இளையோர் அணிகளுக்கு உதவி வருகிறேன். கிராஸ்மாக்லென்காரன் அல்லன், அந்த ஊர்க்காரர் ஒருவர் உள்ளிருந்து எழுதக்கூடிய பதிலாக இது இருக்காது. ஆனாலும் முதல் கேள்விக்கு எனக்குத் தெளிவான பதில் இருக்கிறது: முகாம் அந்த ஊரின் வரலாறு, கோப்பைகளின் காரணம் அதுவல்ல.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையிலும் காலிலும் ஆடலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் எடுத்துவைக்கக் கூடாது, அதற்குள் தரையில் தட்டவோ காலால் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்கவோ வேண்டும். இரு கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் அடித்தால் கோல், அதற்கு மூன்று புள்ளிகள். ஆகவே 2-13 என்று எழுதினால் இரண்டு கோல், பதின்மூன்று புள்ளி, மொத்தம் 19. (தொலைவிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்ற புதிய விதி 2025இல்தான் வந்தது, கிராஸ்மாக்லெனின் பெரிய ஆண்டுகளுக்கு அது பொருந்தாது.) ஆடுகிறவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், கொத்தனார், விவசாயி, வங்கி ஊழியர் என்று பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் கீழ்தான் எல்லாக் கிளப்புகளும் இயங்குகின்றன.

முதலில் உறுதியான செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். கிராஸ்மாக்லென் ரேஞ்சர்ஸ் தன் தொடக்க ஆண்டாக 1887ஐக் குறிப்பிடுகிறது. தான் இருக்கும் அர்மா கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) கோப்பையை முதலில் வென்றது 1906இல். அகில அயர்லாந்து கிளப் போட்டியோ மிகவும் பின்னால், 1970-71 பருவத்தில்தான் தொடங்கியது. வெல்பவருக்குத் தரப்படும் கோப்பை, வெக்ஸ்ஃபோர்டு கவுண்டியைச் சேர்ந்த ஆண்டி மெரிகன் என்ற ஆட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. அந்தப் போட்டிக்குப் போக முதலில் சொந்தக் கவுண்டியை வெல்ல வேண்டும், பிறகு மாகாணத்தை. கிராஸ்மாக்லெனுக்கு அது ஒன்பது கவுண்டிகள் கொண்ட அல்ஸ்டர். மாகாணக் கட்டத்துக்குப் போனபின் ஓர் ஆட்டம் தோற்றாலே அந்த ஆண்டு முடிந்தது. கிராஸ்மாக்லென் 1997, 1999, 2000, 2007, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கோப்பையை வென்றது. கார்க் நகரின் நீமோ ரேஞ்சர்ஸ் மட்டுமே இதைவிட அதிகமாக, ஏழு முறை, வென்றிருக்கிறது. நீமோ ஒரு பெருநகரின் கிளப் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அந்த ஆறு இறுதி ஆட்டங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. 1997இல் மேயோ கவுண்டியின் நாக்மோரை 2-13க்கு 0-11 என்று சுலபமாகவே வென்றார்கள். 1999இல் பாலினா ஸ்டீஃபனைட்ஸை வென்றது ஒரே ஒரு புள்ளியில்: 0-9க்கு 0-8. அறுபது நிமிடத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து ஒரு கோல் கூட அடிக்கவில்லை. 2000இல் டப்ளினின் நா ஃபீனா. 2007இல் கில்லார்னியின் டாக்டர் குரோக்ஸுடன் முதல் ஆட்டம் சமனாகி, போர்ட்லீஷில் மறு ஆட்டம் ஆடி வென்றார்கள். 2011இல் ராஸ்காமனின் செயின்ட் பிரிஜிட்ஸை 2-11க்கு 1-12 என்று இரண்டு புள்ளியில் தாண்டினார்கள். 2012இல் வெஸ்ட்மீத்தின் காரிகாசிலுடன் மறுபடியும் சமன். ஆனால் கேவனில் நடந்த மறு ஆட்டத்தில் 2-19க்கு 1-7 என்று அடித்து நொறுக்கினார்கள். நடுவில் 2009 இறுதி ஆட்டத்தில் டப்ளினின் கில்மகட் குரோக்ஸிடம் தோற்றதும் உண்டு. ஒரு புள்ளி வெற்றியும் இரண்டு மறு ஆட்டங்களும் இருக்கும் பட்டியலைப் பார்த்து, இவர்களை யாராலும் தடுத்திருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

இனி முகாம். 1970களில், மைதானத்தை ஒட்டியிருந்த காவல் நிலையமும் ராணுவத் தளமும் விரிந்தபோது, கிளப்புக்குச் சொந்தமான நிலத்தின் ஒரு பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கம் தெற்கு அர்மாவின் சாலைகளில் குண்டு வைத்ததால் படைகளைச் சாலை வழியாக அனுப்ப முடியாமல் எல்லாமே ஹெலிகாப்டரில் போயின. பக்கத்திலிருந்த பெஸ்ப்ரூக் தளம் ஐரோப்பாவிலேயே மிகவும் பரபரப்பான ஹெலிகாப்டர் தளம் என்று சொல்லப்பட்டது. ஆட்டம் நடக்கும்போதே தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இறங்குவது அங்கே வழக்கமான காட்சி. பந்து மதில் தாண்டி முகாமுக்குள் விழுந்தால் அது திரும்பி வருமா என்பது உள்ளே இருப்பவரின் மனதைப் பொறுத்தது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சிறு நிலப்பரப்பில் ஏராளமான பிரிட்டிஷ் வீரர்களும் காவலர்களும் கொல்லப்பட்டார்கள். 1997 பிப்ரவரி 12ஆம் தேதி, பெஸ்ப்ரூக் சோதனைச் சாவடியில் ஸ்டீஃபன் ரெஸ்டோரிக் என்ற இளம் வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிலிருந்து ஐந்து வாரம்கூட ஆகாத மார்ச் 17ஆம் தேதி, புனித பாட்ரிக் திருநாளில், டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் கிராஸ்மாக்லென் தன் முதல் அகில அயர்லாந்து கோப்பையைத் தூக்கியது.

கேலிக் விளையாட்டுச் சங்கத்துக்கும் அரசுப் படைகளுக்கும் இடையிலான பகைமை கிராஸ்மாக்லெனோடு நிற்கவில்லை. 1988 பிப்ரவரியில் டைரோன் கவுண்டியின் ஆக்னாக்ளாயில், தன் உள்ளூர் கிளப்பின் மைதானத்துக்கு நடந்துபோன ஏடன் மெக்கானஸ்பி சோதனைச் சாவடியிலிருந்து பாய்ந்த குண்டில் இறந்தார். சுட்ட வீரர் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2022 வரை ஆனது. சங்கத்தின் பக்கத்திலோ, வட அயர்லாந்துக் காவல்துறையினரும் பிரிட்டிஷ் படையினரும் உறுப்பினராகக் கூடாது என்ற 21ஆம் விதி 2001 நவம்பர் வரை நீடித்தது. ஆகவே கிளப் வெறும் விளையாட்டு அமைப்பாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊரில் பொதுச் சொத்தென்று மக்கள் தாங்களே கட்டி, தாங்களே நடத்தியது அந்தக் கிளப் ஒன்றுதான். அதை விட்டுவிட்டுப் போவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகத் தோன்றியிருக்கும். இந்த அளவுக்கு உங்கள் காணொளி சொல்வது சரி.

ஆனால் ஒரு காரணத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது: அந்தக் காரணம் இருந்தபோதெல்லாம் விளைவு வந்ததா, இல்லாதபோது நின்றதா என்று பார்ப்பது. ராணுவம் மிகக் கடுமையாக அழுத்திய காலம் 1970களும் 80களும். அகில அயர்லாந்து கிளப் போட்டி தொடங்கியதும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான். அந்தக் கால் நூற்றாண்டில் கிராஸ்மாக்லென் ஒரு முறைகூட அல்ஸ்டரை வெல்லவில்லை. அவர்களின் முதல் அல்ஸ்டர் பட்டமே 1996இல்தான் வந்தது. வட அயர்லாந்தில் ராணுவ நடவடிக்கை முறைப்படி முடிந்தது 2007 ஜூலை 31ஆம் தேதி. அதற்குப் பிறகு, ஹெலிகாப்டர் சத்தம் ஓய்ந்த ஊரில் வளர்ந்து முடித்த அணி 2011, 2012 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. இன்னும் வலுவான எதிர்ச்சான்று கால்வே கவுண்டியின் கோரோஃபின். அதுவும் ஒரு கிராமம்தான். அங்கே எந்த அந்நியப் படையும் மைதானத்தைப் பிடுங்கவில்லை. 1998இலும் 2015இலும் வென்று, பிறகு 2018, 2019, 2020 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வென்ற முதல் கிளப் அதுதான். கிராஸ்மாக்லெனால்கூட முடியாமல் போன சாதனை அது. 2022இல் வென்ற கில்கூ, டவுன் கவுண்டியில் மோர்ன் மலையடிவாரத்துக் கிராமம். சிற்றூர் வெல்வது அரிது, ஆனால் அதற்கு ராணுவம் தேவையில்லை.

அப்படியானால் எது காரணம்? நான் முதலில் வைப்பது, பேச்சில் அதிகம் அடிபடாத ஒரு விதியை. இந்த ஆட்டத்தில் நீங்கள் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். கவுண்டிக்குக் கவுண்டி விதியின் கடுமை மாறும், குடிபெயர்ந்தவர்களுக்கு விலக்கும் உண்டு. ஆனாலும் அடிப்படை இதுதான். பணக்காரக் கிளப் உங்கள் நல்ல ஆட்டக்காரனை வாங்கிக்கொண்டு போக முடியாது. அதே விதி உங்களையும் கட்டிப்போடுகிறது: வெளியிலிருந்து யாரையும் கொண்டுவர முடியாது. 1,600 பேர் உள்ள ஊரில், சுற்றியுள்ள பண்ணை வீடுகளையும் சேர்த்தே கணக்குப் போட்டாலும், முதன்மை அணிக்கு ஆடும் வயதில் இருக்கும் ஆண்கள் என் மதிப்பீட்டில் முந்நூறு பேரைத் தாண்ட மாட்டார்கள். கல்லிஹானா, சில்வர்பிரிட்ஜ் என்று அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் தனித்தனிக் கிளப் உண்டு. அங்கிருந்து ஆள் எடுக்க முடியாது. அந்த முந்நூறில் காயம்பட்டவர், ஆர்வமில்லாதவர், லண்டனுக்கோ சிட்னிக்கோ போனவர் எல்லாம் போக, எஞ்சியவர்களில் இருபத்தைந்து பேர் நாட்டிலேயே சிறந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரே தலைமுறையில் நான்கைந்து அபூர்வத் திறமைகள் பிறந்தால்தான் இது நடக்கும்.

கிராஸ்மாக்லெனுக்கு அது நடந்தது. ஒஷீன் மெக்கான்வில், ஃபிரான்சி பெல்லூ, இரட்டையரான ஜான், டோனி மெக்கென்டீ என்று 1970களின் நடுவில் பிறந்த ஒரு கூட்டம். சிறுவயது முதல் ஒன்றாக ஆடியவர்கள், 1997இல் இருபதை ஒட்டிய வயதில் நாட்டின் உச்சிக்குப் போனார்கள். நான் கவனித்துக்கொள்ளும் சிறுவர் அணிகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: பத்து வயதிலிருந்து சேர்ந்து ஆடுகிறவர்களுக்குப் பந்து எங்கே வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணன் தம்பி சமைக்கிற வீட்டில் உப்பு எங்கே என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல. இந்தப் புரிதலைச் சம்பளம் கொடுத்து ஓர் ஆண்டில் உண்டாக்க முடியாது.

அந்தக் கூட்டத்துக்கு வாய்த்த மேலாளர் ஜோ கெர்னன். அவரும் அதே கிளப்பின் பிள்ளை. கவுண்டி அணிகளுக்கான 1977 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் அர்மாவுக்காக இரண்டு கோல் அடித்தும், டப்ளினிடம் 5-12க்கு 3-6 என்று தோற்றுத் திரும்பியவர். கிளப்பை 1997, 1999, 2000 ஆண்டுகளின் வெற்றிகளுக்கு நடத்திச் சென்றபின் கவுண்டி அணிக்குப் போனார். 2002இல் அர்மா தன் முதல் அகில அயர்லாந்து பட்டத்தை வென்றது. கெர்ரியை 1-12க்கு 0-14 என்று, ஒரே புள்ளியில். முதல் பாதியில் பெனால்டியைத் தவறவிட்ட மெக்கான்வில்தான் இரண்டாம் பாதியில் அந்த ஒரே கோலை அடித்தவர். இடைவேளையில் கெர்னன், 1977இல் தோற்றவர்களுக்குக் கொடுத்த நினைவுப் பலகையை ஆடை மாற்றும் அறையின் சுவரில் எறிந்து உடைத்தார் என்பது அயர்லாந்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அந்த ஒரு வீச்சு ஆட்டத்தைத் திருப்பியது என்று நான் நம்பவில்லை. அந்த அறையில் இருந்த கிராஸ்மாக்லென் ஆட்கள் அதற்கு முன்பே மூன்று இறுதி ஆட்டங்களை வென்றுவிட்டு வந்தவர்கள். நெருக்கடியில் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் தொழில் சார்ந்து பார்க்கும்போது என்னை மிகவும் வியக்கவைப்பது வேறோர் எண். 1996 முதல் 2008 வரை தொடர்ந்து பதின்மூன்று முறை அர்மா கோப்பையை வென்றார்கள். 2009இல் அர்மா நகரின் பியர்ஸ் ஓக் அந்த வரிசையை முறித்தது. அடுத்த ஆண்டே திரும்பி வந்து இன்னும் ஆறு முறை தொடர்ந்து வென்றார்கள். அந்தக் காலத்தில் கிளப் இறுதி ஆட்டம் மார்ச் 17இல்தான் நடந்தது. அதாவது மற்ற கிளப்புகள் அக்டோபரில் பூட்ஸைக் கழற்றியபோது இவர்கள் நவம்பர் மழையிலும் ஜனவரிப் பனியிலும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மார்ச் முடிந்ததும் கவுண்டி அணிக்கு ஆடப் போனார்கள், கோடையில் மறுபடி கிளப்புக்கு வந்தார்கள். ஓய்வு என்பதே இல்லை. தொடைப் பின்தசையும் இடுப்புத் தசைநாரும் இந்தச் சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்குவதில்லை. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரருக்குக்கூட இப்படி அட்டவணை போட மாட்டார்கள். இவர்கள் தாங்கினார்கள். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நாட்டின் சிறந்த அணிகளோடு மோதிய அனுபவமும் சேர்ந்துகொண்டே போனது. அர்மாவிலுள்ள மற்ற கிளப்புகளுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒரு முறை முந்தியவன் மேலும் முந்துவதற்கு அந்தப் போட்டியின் அமைப்பே வழி செய்தது.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. இதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையோரக் கிராமங்களில் இருபது வயதானதும் பிள்ளைகள் டப்ளினுக்கு வேலைக்குப் போகிறார்கள். பயிற்சிக்கு வர மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். கிராஸ்மாக்லெனிலிருந்து எல்லைக்கு அப்பால் டண்டாக்கும், இப்பால் நியூரியும் அரை மணி நேரத் தொலைவு. இரண்டு நாட்டு வேலைச் சந்தையையும் தொட்டுக்கொண்டு, இரவு சொந்த வீட்டில் தூங்கலாம். எல்லை அந்த ஊருக்குக் கொடுத்த துன்பம் பெரிது. ஆனால் அணி சிதறாமல் இருந்ததற்கும் அதே எல்லை ஓரளவு உதவியிருக்கலாம்.

2007இல் வென்றது பழைய கூட்டத்தின் கடைசி அலையும் புதியவர்களும் கலந்த அணி. 2011, 2012இல் ஆடியவர்களில் கெர்னனின் மகன்கள் ஆரன், ஸ்டீஃபன், டோனி இருந்தார்கள். முன்வரிசையில் ஜேமி கிளார்க் என்ற அபாரத் திறமை. பயிற்றுவித்தவர்களில் ஒருவர் அதே டோனி மெக்கென்டீ. அறிவு ஊருக்குள்ளேயே சுற்றியது. வெளியிலிருந்து யாரையும் விலைக்கு அமர்த்தத் தேவைப்படவில்லை. இந்த இரண்டாம் தலைமுறைதான் என் பார்வையில் கிளப்பின் உண்மையான சாதனை. முதல் தலைமுறையில் பாதி இயற்கை கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து, ஏறக்குறைய வேறோர் அணியை அதே உயரத்துக்குக் கொண்டுபோனதை அப்படிச் சொல்லிவிட முடியாது.

இன்றைய நிலை பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்ல முடியும். கிளப் கடைசியாக அல்ஸ்டரை வென்றது 2015இல், அது பதினோராவது முறை. 2016இல் மகேரி என்ற ஊர் கவுண்டிக் கோப்பையைப் பறித்தது. அதன்பின் அர்மாவில் கிராஸ்மாக்லென் பல முறை வென்றிருக்கிறது, தோற்றும் இருக்கிறது. மற்றக் கிளப்புகள் நெருங்கி வந்துவிட்டன. விதி மாறவில்லை, ஊரின் அளவும் பெரிதாக மாறவில்லை. மாறியது அந்தந்த வயதில் கிடைக்கும் பிள்ளைகள்தான். ஆனாலும் ஊற்று வற்றவில்லை. 2024இல் கியரன் மெக்கீனி மேலாளராக இருந்த அர்மா, கால்வேயை 1-11க்கு 0-13 என்று வீழ்த்தித் தன் இரண்டாவது அகில அயர்லாந்து பட்டத்தை எடுத்தபோது, அந்த அணியின் முக்கிய முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர் கிராஸ்மாக்லெனின் ரியன் ஓநீல்.